நள்ளிரவுத் தேநீர்: 1919, ரியோவின் கொழுத்த செவ்வாய்

1/
நாளைக்குப் புரட்டாசி பிறக்குதுன்னா இன்னைக்கு நம்ம ஊர் கறிக்கடையில என்ன கூட்டம் நிக்கும்னு உங்களுக்கே தெரியும். "ஒரு மாசம் வாயைக் கட்டணும், இன்னைக்கு ஒரு பிடி பிடிச்சிடுவோம்"னு ஒரு மனசு. அந்த மனசோட ஒரு நகரமே வீதிக்கு இறங்கி ஆடினா அதுதான் கார்னிவல். அதோட கடைசி நாளைப் பத்தின இழை இது. குறிப்பா ஒரே ஒரு வருஷத்துக் கடைசி நாள்: 1919 மார்ச் 4, ரியோ டி ஜெனிரோ. கொஞ்சம் நீளம்தான். டீ குடிச்சுக்கிட்டே படிங்க. ஏன் டீன்னு போகப் போகப் புரியும்.

2/
முதல்ல நாள்காட்டி. கிறிஸ்தவர்களின் தவக்காலம் சாம்பல் புதன்ல தொடங்குது. நம்ம கத்தோலிக்க நண்பர்கள் திருநீற்றுப் புதன், விபூதிப் புதன்னும் சொல்வாங்க. அன்னைக்குக் கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசி, மனுஷன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே போறவன்னு நினைவுபடுத்துவாங்க. அங்கிருந்து ஈஸ்டர் வரை 46 நாள். ஞாயிறுகளைக் கழிச்சா 40 நாள் தவம்.

3/
அந்தப் புதனுக்கு முந்தின நாள்தான் கொழுத்த செவ்வாய். பிரெஞ்சுக்காரங்க சொல்ற "மார்டி கிரா"வுக்கும், போர்ச்சுகீசியர்கள் சொல்ற "தெர்சா கோர்டா"வுக்கும் அதுதான் அர்த்தம். வீட்டில் மிச்சமிருக்கிற இறைச்சி, வெண்ணெய், முட்டை எல்லாத்தையும் தீர்க்கிற நாள். இங்கிலாந்தில் அன்னைக்குப் பான்கேக் சுடுவாங்க. "கார்னிவல்"ங்கிற சொல்லே இறைச்சியை விலக்குதல் என்ற லத்தீன் சொற்களிலிருந்து வந்ததுன்னுதான் அறிஞர்கள் சொல்றாங்க. ஈஸ்டர் பௌர்ணமியை ஒட்டி நகர்வதால், இந்தச் செவ்வாயும் பிப்ரவரி 3-க்கும் மார்ச் 9-க்கும் இடையில நகரும்.

4/
பிரேசிலுக்கு இதைக் கொண்டு போனவங்க போர்ச்சுகீசியர்கள். அப்போ இதுக்குப் பெயர் "என்ட்ரூடோ", அதாவது தவக்காலத்துக்குள் நுழைதல். தெருவில் போறவங்க மேல தண்ணி, மாவு, மெழுகில் செஞ்ச எலுமிச்சை உருண்டைக்குள் வாசனைத் தண்ணி ஊத்தி அடிப்பாங்க. நம்ம கோவாவிலும் அதே சொல் "இந்த்ரூஸ்"னு இன்னும் உயிரோட இருக்கு. 19-ஆம் நூற்றாண்டில் ரியோ அதிகாரிகள் இதைத் திரும்பத் திரும்பத் தடை பண்ணாங்க. விளையாட்டு வடிவம் மாறுச்சே தவிர நிக்கல.

5/
1919-ல் நீங்க டிவியில் பார்க்கிற ரியோ கார்னிவல் இல்லை. முதல் சம்பா பள்ளி 1928-ல்தான் வருது. அணிவகுப்புக்குன்னு கட்டின சம்பாட்ரோம் 1984-ல்தான். அன்னைக்குக் கார்னிவல்னா அவெனிடா ரியோ பிராங்கோங்கிற அகலமான பெருஞ்சாலை. பணக்காரங்க திறந்த கார்ல ஊர்வலம் போவாங்க. காகிதத் துணுக்கு மழை பொழியும். ஏழைகள் தெருக்குழுக்களா மேளத்தோட வருவாங்க.

6/
கூடவே "லான்சா பெர்ஃப்யூம்"னு ஒரு வாசனை ஸ்ப்ரே. ஒருத்தர் மேல ஒருத்தர் அடிச்சுப்பாங்க. ஜில்லுன்னு இருக்கும். அதுக்குள்ள இருந்தது எத்தில் குளோரைடு! விளையாட்டு வீரருக்கு அடிபட்டா ஓடிவந்து அடிக்கிறாங்களே, மரத்துப் போற ஸ்ப்ரே, அதே மருந்து. சிலர் அதை முகர்ந்து போதை ஏத்திக்கிட்டாங்க. 1961-ல் தடை பண்ணிட்டாங்க. மருத்துவரா இதைச் சொல்லாம கடக்க முடியல, மன்னிச்சுக்கோங்க.

7/
அன்றைய கார்னிவலின் உச்சம் கடைசி நாள் இரவு. டெமாக்ரடிகோஸ், ஃபெனியானோஸ், டெனென்டிஸ் டோ டியாபோன்னு மூணு பெரிய சங்கங்கள். அவங்களோட ரதங்கள் கொழுத்த செவ்வாய் இரவுதான் ஊர்வலம் வரும். அதில் ரெண்டு வகை. ஒண்ணு அழகுக்கு. இன்னொண்ணு நையாண்டிக்கு. அந்த வருஷம் அரசாங்கம் என்ன சொதப்பியிருந்தாலும் அது ரதமா வந்து நிக்கும், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். 1919-ல் அவங்க எதைப் பார்த்துச் சிரிச்சாங்கன்னு புரியணும்னா ஆறு மாசம் பின்னாடி போகணும்.

8/
1918 செப்டம்பர் நடுவில் டெமெரரா என்ற பிரிட்டிஷ் கப்பல் லிவர்பூலில் இருந்து லிஸ்பன், ரெசிஃபி, சால்வடார் வழியா ரியோ வந்து சேர்ந்தது. கூடவே ஸ்பானிஷ் ஃப்ளூவும் இறங்குச்சு. அதே சமயத்தில் ஆப்பிரிக்காவின் டக்கார் துறைமுகத்தில் நின்ற பிரேசில் போர்க்கப்பல்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகள் அதே காய்ச்சலில் செத்துக்கிட்டிருந்தாங்க. செய்தி ஊருக்கு வந்தது. "அது ஆப்பிரிக்காவில், நமக்கென்ன"ன்னு ஊர் இருந்தது. 2020 ஜனவரியில் நாம வூஹானைப் பார்த்தோமே, அப்படித்தான்.

9/
அப்போ பொதுசுகாதாரத் தலைவர் கார்லோஸ் செய்டல். இது சாதாரண ஃப்ளூதான், கப்பல்களைத் தனிமைப்படுத்துறதால பெரிய பலன் இல்லைங்கிறது அவரோட நிலைப்பாடு. அக்டோபர்ல ஊர் படுத்ததும் பத்திரிகைகள் அவரைக் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. அதே மாதம் பதவி விலகினார். அவர் முட்டாள் இல்லைங்க. ஃப்ளூ ஒரு வைரஸ்னு மனிதர்களிடமிருந்து பிரிச்சுக் காட்டினதே 1933-ல்தான். அன்னைக்கு உலகமே ஒரு பாக்டீரியாவைத் தப்பாப் பிடிச்சு வச்சிருந்தது.

10/
ரியோவின் மக்கள்தொகை அப்போ சுமார் 10 லட்சம். அதில் பாதிக்கு மேல படுத்த படுக்கை. இறந்தவங்க ஏறத்தாழ 15,000. பெரும்பகுதி அக்டோபர், நவம்பர் சில வாரங்களுக்குள். சவப்பெட்டி தீர்ந்து போச்சு. குழி வெட்டுறவங்களே படுத்துட்டதால சிறைக் கைதிகளைக் கொண்டு வந்து குழி வெட்ட வச்சாங்க. வாசல்ல கிடத்தின உடல்களை வண்டிகள் வந்து அள்ளிட்டுப் போச்சு. கோழிக்கும் எலுமிச்சைக்கும் குவினைனுக்கும் விலை எகிறுச்சு.

11/
பின்னாளில் மருத்துவராவும் எழுத்தாளராவும் ஆன பெட்ரோ நாவா அப்போ 15 வயசுப் பையன், ரியோவில் இருந்தார். பல வருஷம் கழிச்சு நினைவுக்குறிப்புகளில் அந்த அக்டோபரை எழுதியிருக்கார். அவர் சொல்றதோட சாரம்: கொடுமை எண்ணிக்கையில் இல்லை. நோயாளிக்குத் தண்ணி கொடுக்க, சமைக்க, பிணத்தைத் தூக்க ஆளே இல்லாம போனதுதான் கொடுமை. அழறதுக்குக்கூட வீட்டில் ஒருத்தர் எழுந்து உட்கார முடியணும் இல்லையா?

12/
இந்த நேரத்தில் பொறுப்பு ஒருத்தர் கைக்கு வந்தது: கார்லோஸ் சாகஸ். எம்பிபிஎஸ் படிச்ச யாரும் இந்தப் பெயரை மறக்க மாட்டாங்க. சாகஸ் நோயை 1909-ல் கண்டுபிடிச்சவர். நோய், கிருமி, பரப்பும் பூச்சி மூணையும் ஒரே ஆளா அடையாளம் கண்டவர். பரீட்சைக்கு முந்தின ராத்திரி இவரை நான் திட்டியிருக்கேன். இவர் தற்காலிக மருத்துவமனைகளையும் ஊரெங்கும் சிகிச்சை மையங்களையும் திறந்தார். ஆனா அதுக்குள்ள ஏழைகள் பெரும்பாலும் போய்க் குவிஞ்ச இடம் சாந்தா காசா.

13/
சாந்தா காசா டா மிசெரிகோர்டியா. "இரக்கத்தின் புனித இல்லம்"னு அர்த்தம். போர்ச்சுகீசியர்கள் போன இடமெல்லாம் இதைக் கட்டினாங்க, கோவாவிலும் கொச்சியிலும்கூட. ரியோவில் இது 16-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிற தர்ம மருத்துவமனை. காசு இருக்கிறவங்களுக்கு வீட்டுக்கே டாக்டர் வருவார். இல்லாதவங்களுக்கு சாந்தா காசா. நம்ம பாஷையில் பெரியாஸ்பத்திரி.

14/
அங்கேதான் அந்த வதந்தி பிறந்தது. பிழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச நோயாளிகளுக்கு நடு ராத்திரியில் ஒரு கோப்பை டீ கொடுக்கிறாங்களாம். குடிச்சவங்க காலையில் எழுந்திருக்க மாட்டாங்களாம். படுக்கையைக் காலி பண்ணத்தான் இந்த ஏற்பாடாம். ஊர் அதுக்கு ஒரு பெயரும் வச்சது: "ஷா டா மெயா நோய்ட்டி". நள்ளிரவுத் தேநீர்.

15/
அப்படி எதுவும் நடந்ததுக்கு ஆதாரம் கிடையாது. மருத்துவரா இதை விளக்குறதும் கஷ்டமில்லை. ஆன்டிபயாடிக் கிடையாது. இன்னைக்கு மாதிரி கட்டிலுக்குக் கட்டில் ஆக்சிஜன் கிடையாது. ஃப்ளூ வந்த நுரையீரலில் பாக்டீரியா நிமோனியா ஏறினா ஆள் நீலமாகி ஒரே ராத்திரியில் போயிடுவார். ராத்திரி சூடா ஏதோ குடிச்சவர் காலையில் இல்லை. காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை. இந்த விளக்கத்தோட நானும் திருப்தியா இருந்திருப்பேன், 2021 மே மாசம் மட்டும் என் வாழ்க்கையில் வராம இருந்திருந்தா.

16/
ரெண்டாவது அலை. கோவிட் வார்டில் இரவுப் பணி. ஒரு பெரியவர், எழுபது வயசு இருக்கும், ஆக்சிஜன்ல இருந்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சுடச்சுடக் கபசுரக் குடிநீர் வரும். அவர் டம்ளரைத் தள்ளிவிட்டார். "ராத்திரி குடுக்கிறது எனக்கு வேணாம் தம்பி. பக்கத்து பெட்காரர் நேத்து இதைக் குடிச்சுட்டுத்தான் படுத்தார்." அந்தப் பக்கத்துக் கட்டிலில் அப்போ வேற ஒருத்தர் படுத்திருந்தார்.

17/
நான் அந்தக் கவச உடைக்குள்ள எட்டு மணி நேரமா வெந்துக்கிட்டிருந்தேன். "நாங்க என்ன விஷமா குடுக்கிறோம்? குடிக்கிறதுன்னா குடிங்க, இல்லாட்டி விடுங்க"ன்னு கத்திட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. ஸ்டாஃப் நர்ஸ் அக்கா டம்ளரை எடுத்துட்டுப் போயிட்டாங்க. நானே ஒரு வாய் குடிச்சுக் காட்டியிருக்கலாமேன்னு தோணுச்சு. முகக்கவசத்தைக் கழட்ட முடியாதே. ரெண்டு நாள் கழிச்சு அந்த வார்டுக்குப் போனப்போ அவர் இல்லை.

18/
ரியோவின் தேநீர் கதையைப் பிறகு எப்பவோ படிச்சப்போ நெஞ்சில் அடிச்ச மாதிரி இருந்தது. நூறு வருஷ இடைவெளி, வேற கண்டம், அதே டம்ளர். அதுக்கப்புறம்தான் "வதந்தி எப்படித் தப்பு"ங்கிற கேள்வியை விட்டுட்டு "அந்த ஜனங்க ஏன் நம்பினாங்க"ன்னு தேட ஆரம்பிச்சேன். பதில் அந்தக் கார்னிவல் நடந்த ரோட்டிலேயே இருந்தது.

19/
அவெனிடா ரியோ பிராங்கோ 1905-ல் திறந்த சாலை. அதைப் போடுறதுக்காக நகர மையத்தில் நூற்றுக்கணக்கான கட்டடங்களை இடிச்சாங்க. நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள் குன்றுகளுக்கும் ஊர் ஓரத்துக்கும் விரட்டப்பட்டாங்க. காரணம் சொன்னது சுகாதாரம். அதே காலத்தில் 1904-ல் ஒஸ்வால்டோ க்ரூஸ் முன்னின்ற கட்டாய அம்மைத் தடுப்பூசிச் சட்டம் வந்தது. நவம்பரில் நகரமே கலவரம். சுமார் 30 பேர் செத்தாங்க. நூற்றுக்கணக்கானவங்களைப் பிடிச்சு அமேசான் பக்கம் அக்ரேவுக்குக் கப்பலேத்தினாங்க.

20/
தடுப்பூசி சரியான மருந்து. அதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. 1908-ல் ரியோவில் மறுபடி பெரியம்மை வந்து ஆயிரக்கணக்கானவங்களை வாரிக்கிட்டுப் போச்சு. ஆனா அந்த ஜனங்க பக்கம் நின்னு பாருங்க. சுகாதாரத்தின் பெயரால் வீட்டை இடிச்சாங்க. சுகாதாரத்தின் பெயரால் போலீஸோட வந்து ஊசி போட்டாங்க. பதினாலு வருஷம் கழிச்சு அதே சுகாதாரத்தின் பெயரால் ஒரு கோப்பை டீ நீட்டினா கை நீளுமா? 1904-ல் ஜனாதிபதியா இருந்த ரொட்ரிகஸ் ஆல்வஸ் 1918-ல் மறுபடி தேர்வாகி, பதவியேற்க முடியாமலே 1919 ஜனவரி 16-ல் இறந்தார். அவரையும் காய்ச்சல்தான் கொண்டு போச்சுன்னு ஊர் பேசிக்கிச்சு.

21/
இப்போ மார்ச் 1919-க்கு வாங்க. காய்ச்சல் வடிஞ்சிருச்சு. ஐரோப்பாவில் போர் முடிஞ்சிருச்சு. மார்ச் 1 சனிக்கிழமை தொடங்கின கார்னிவல் மாதிரி ஒண்ணை ஊர் அதுக்கு முன்னாடி பார்த்ததில்லைன்னு அதை நேர்ல பார்த்தவங்க கடைசி வரை சொல்லிக்கிட்டிருந்தாங்க. பிற்காலத்தில் பெரிய நாடக ஆசிரியரான நெல்சன் ரொட்ரிகஸ் அப்போ ஆறு வயசுச் சிறுவன். ஊரின் பழைய ஒழுங்கெல்லாம் அந்த நாலு நாளில் பொடிப்பொடியானதா அவர் பின்னாளில் எழுதினார். இன்னைக்கும் லட்சக்கணக்கான கூட்டத்தை இழுக்கிற "போலா பிரெட்டா" குழு 1918-ன் கடைசி நாளில் உருவாகி, தன் முதல் கார்னிவலை ஆடினதும் அப்போதான்.

22/
அந்தக் கூட்டத்தில் என்ன வேஷம் வந்தது தெரியுமா? நள்ளிரவுத் தேநீர். அந்தப் பெயரில் தெருக்குழு. தேநீரைக் கிண்டல் பண்ணி ரதம். ஸ்பானிஷ் காய்ச்சலை வம்புக்கு இழுக்கிற பாட்டுகள். நாலே மாசம் முன்னாடி வண்டியில் பிணம் போன வீதி. ஆடினவங்க, பார்த்தவங்க ரெண்டு பேர் வீட்டிலும் அநேகமா ஒருத்தராவது காய்ச்சலில் படுத்திருப்பாங்க. அவங்கதான் மரணத்துக்குக் கோப்பையும் தட்டும் மாட்டிவிட்டு, வீதியில் ஆடவிட்டு, கைதட்டிச் சிரிச்சாங்க.

23/
முதல்ல எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த சாந்தா காசாவில் ராப்பகலா நின்ன டாக்டர்கள், கன்னியாஸ்திரிகள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? யோசிக்க யோசிக்க வேற ஒண்ணு தெரிஞ்சது. நம்ம ஊரில் ஒரு பெரிய சாவுன்னா என்ன நடக்கும்? பறை அடிக்கும். ஆட்டம் இருக்கும். ஒப்பாரியிலேயே செத்தவரைக் கிண்டல் பண்ணுவாங்க, டாக்டரையும் சேர்த்துத் திட்டுவாங்க. அழறதும் சிரிக்கிறதும் ஒரே வாசல்லதான் நடக்கும். 1918 அக்டோபரில் ரியோவில் 15,000 பேருக்கு அது எதுவுமே நடக்கல. நாலு மாசம் கழிச்சு எல்லாருக்கும் சேர்த்து ஊர் எடுத்த சாவாகத்தான் அந்தக் கொழுத்த செவ்வாய் எனக்குத் தெரியுது. மறுநாள் புதன்கிழமை, நெற்றியில் சாம்பல்.

24/
ஒரு எச்சரிக்கை, மருத்துவரா. "அப்போ கொள்ளைநோய் வந்தாலும் கொண்டாடலாம்னு சொல்றீங்களா டாக்டர்?"னு கேட்காதீங்க. 1919 கார்னிவல் காய்ச்சல் வடிஞ்ச பிறகு வந்தது. 2020 பிப்ரவரி 25 கொழுத்த செவ்வாய் அன்னைக்கு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பத்து லட்சத்துக்கும் மேல கூட்டம். லூசியானா மாகாணத்தின் முதல் கோவிட் நோயாளி மார்ச் 9-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டார். விழாவுக்கு முன்பே நுழைஞ்சிருந்த வைரஸை விழா பரப்பி விட்டதை மரபணு ஆய்வு பின்னாடி காட்டுச்சு. ஏப்ரல் தொடக்கத்தில் அந்த மாகாணத்தில் இறந்தவங்களில் சுமார் 70% கறுப்பின மக்கள். மக்கள்தொகையில் அவங்க மூணில் ஒரு பங்குதான்.

25/
அந்த ஊரும் பாடம் படிச்சுது. 2021-ல் ஊர்வலம் ரத்து. ஆனா ஜனங்க சும்மா இருக்கல. ஆயிரக்கணக்கானவங்க தங்கள் வீட்டையே ரதம் மாதிரி ஜோடிச்சு, வேலையிழந்த ரதக் கலைஞர்களுக்கு வேலையும் கொடுத்தாங்க. ரியோவும் 2021-ல் கார்னிவலை நிறுத்துச்சு. 2022-ல் ஏப்ரலுக்குத் தள்ளி அணிவகுப்பு நடத்தினப்போ, விராடோரோங்கிற சம்பா பள்ளி எடுத்துக்கிட்ட கதை என்னன்னு நினைக்கிறீங்க? 1919-ன் கார்னிவல்தான். நூறு வருஷத்துக்கு முந்தின தாத்தா பாட்டிகள் எப்படி எழுந்து ஆடினாங்கன்னு ஆடிக் காட்டினாங்க.

26/
நாம என்ன பண்ணோம்? 1918 ஃப்ளூவில் உலகத்திலேயே அதிகம் பேரை இழந்தது இந்தியா. ஒரு கோடிக்கும் மேல. அதுக்கு நம்ம தெருவில் ஒரு கல்லு இருக்கா, ஒரு நாள் இருக்கா? 2021-ம் அதே வழியில் போயிட்டிருக்கு. சங்கு இல்லாம, பறை இல்லாம, பையில் சுத்தி அனுப்பினோம். மகன் தூர நின்னு பார்த்தார். அப்புறம் ஆபீஸ் திறந்தது, பஸ் ஓடுச்சு, எல்லாரும் வேலைக்குப் போயிட்டோம்.

27/
அந்தப் பெரியவர்கிட்ட எனக்கு இப்போ சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. "ஐயா, நீங்க பயந்ததில் தப்பில்லை. பக்கத்துக் கட்டில்காரர் எப்படிப் போனார்னு உங்ககிட்ட யாரும் உட்கார்ந்து சொல்லல. சொல்ல வேண்டியது நான்தான்." இப்பெல்லாம் வார்டில் ஒருத்தர் இறந்தா, பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு என்ன நடந்ததுன்னு ரெண்டு நிமிஷம் நின்னு சொல்றேன். மருந்தை யாராவது மறுத்தா ஏன்னு கேட்கிறேன். எல்லா நாளும் முடியறதில்லை. முடியற நாளில் செய்யறேன்.

28/
உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். அரசு மருத்துவமனையில் உங்களுக்கோ உங்க ஆளுக்கோ என்ன மருந்து கொடுக்கிறாங்கன்னு தெரியலைன்னா தயங்காம கேளுங்க. நாங்க சிடுசிடுன்னு பேசினாலும் இன்னொரு தரம் கேளுங்க. ரெண்டாவது, 2020, 21-ல் சடங்கு இல்லாம அனுப்பி வச்சவங்க உங்க வீட்டில் இருந்தா, அவங்களைப் பத்தி ஒரு வரி கீழே எழுதுங்க. அழற வரியா இருக்கணும்னு இல்லை. அவங்க பண்ணின சேட்டை, அவங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு, எதுவா இருந்தாலும் சரி. இன்னைக்கு நைட் டூட்டி. டீ இடைவேளையில் ஒண்ணு விடாம படிப்பேன்.